திறக்காத பம்ப் ஹவுஸ்

பம்ப் ஹவுஸ் கட்டி முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அது ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட இறைத்ததில்லை. ஆற்றை ஒட்டிய பள்ளப் பகுதியில் மழைநீர் தேங்கினால் அதை இழுத்து ஆற்றில் தள்ளுவதற்காக நகராட்சி கட்டியது. புது பெயின்ட், புது கேட், கிணறு போன்ற தொட்டிக்குள் மூன்று பெரிய பம்புகள். மெயின் சுவிட்சில் மட்டும் நகராட்சி மின் பாதுகாப்புப் பிரிவின் ஈய முத்திரை தொங்கியது.

அந்த முத்திரையை எடுக்க மின் ஆய்வாளரின் அனுமதி வேண்டும். அவர் அனுமதி தர, கட்டட நிறைவுச் சான்று வேண்டும். கட்டடப் பிரிவோ, பம்பு ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் சான்று தர முடியாது என்றது. பம்பு ஓட வேண்டுமானால் முத்திரையை எடுத்தாக வேண்டும். கோழி முதலா முட்டை முதலா என்று வடிகால் பொறியாளரான அவள் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். யாரும் கையூட்டுக் கேட்கவில்லை. சோம்பேறிகளும் இல்லை. அவரவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவரவர் சொல்வது நியாயமாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுடைய தம்பிக்கு எல்லாமே வேடிக்கை. அவன் வீடு பள்ளப் பகுதியில்தான். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் அப்பாவும் அவனோடுதான் இருந்தார். "உங்க அரசாங்கத்துக்கு வீடு கட்டத் தெரியும், விளக்கு ஏத்தத் தெரியாது" என்பான். "ஆளாளுக்கு ஒரு மோட்டார் வாங்கி வச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது. உங்களை நம்பினா நீச்சல்தான் கத்துக்கணும்."

"நீ உன் வீட்டுத் தண்ணியை எடுத்து எதிர்வீட்டுக்காரன் வாசல்ல ஊத்துவே. அவன் உன் வாசல்ல ஊத்துவான். இதுக்குத்தான்டா அரசாங்கம்னு ஒண்ணு வேணும்" என்பாள் அவள்.

"வேணும்தான். எங்க இருக்கு?"



அந்த வருஷத்தின் பெரிய மழை ஒரு காலையில் பிடித்தது. மதியத்துக்குள் பள்ளப் பகுதியின் தெருக்கள் நிரம்பிவிட்டன. அவள் ஜீப்பில் பம்ப் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே கூட்டம் கூடியிருந்தது. உள்ளே ஆபரேட்டர், தொட்டியின் மேலிருந்த இரும்புக் கம்பித் தளத்தில் வெறுங்காலோடு நின்று, அடைத்துக்கொண்ட குப்பையை நீண்ட வாரியால் இழுத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு எடுத்ததிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் வேலையே அதுதான்.

"தொட்டி ரொம்பிடுச்சு மேடம். சுவிட்சைப் போட்டா இழுத்துடும்."

தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தது. "அக்கா, அப்பா கட்டிலைச் செங்கல் வச்சுத் தூக்கியிருக்கோம். தெருவுல கார்கூட வராது. அவரைத் தூக்கிட்டு வரவும் வழியில்ல. அந்த ஈயத்தை வெட்டு."

அவள் ஆபரேட்டரின் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். முத்திரை ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. பிளேயரின் வாயை அதன் கம்பியில் வைத்தாள். அழுத்தவில்லை. என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு தயக்கம் கையைப் பிடித்தது. மறு கையால் மின் ஆய்வாளருக்குப் போன் போட்டாள்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் "கமா". கமா விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புவார் என்பதால் வந்த பெயர்.

"நிறைவுச் சான்று வந்துடுச்சா மேடம்?" என்றார் எடுத்த எடுப்பில்.

"வரலை சார். தண்ணி வந்துடுச்சு. பிளேயர் முத்திரை மேல இருக்கு. நீங்க வந்து பாருங்க. வரலைன்னா நானே வெட்டிட்டு ஓட்டுவேன். வேலை போனாலும் போகட்டும்."

மறுமுனையில் கருவிப் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"கை வைக்காதீங்க. யாரையும் வைக்க விடாதீங்க. கிளம்பிட்டேன்."

அவர் வந்தார். குடை மடங்கிப்போய், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, கருவிப் பெட்டியைத் தலைமேல் சுமந்து, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர் போல வந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேறொருவர், "ஒரு வருஷமா எங்கய்யா இருந்தே?" என்று கத்தினார். அவர் காதில் வாங்காமல் உள்ளே போய்ப் பேனலின் கதவைத் திறந்தார்.

"ஆபரேட்டர், அந்த இரும்புத் தளத்தை விட்டு இறங்குங்க" என்றார் முதலில்.

முதல் பம்பின் கேபிளைச் சோதித்தார். கருவியின் முள் எழுந்தது; தலையசைத்தார். இரண்டாவதற்குக் கருவியின் முனைகளை வைத்தார். முள் அசையவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் அசையவில்லை.

"ஓட்ட முடியாது" என்றார்.

தம்பிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தெரியும்யா! வந்ததே இதைச் சொல்லத்தானே!" அக்காவின் கையிலிருந்த பிளேயரைப் பறித்துக்கொண்டு மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தான். ஆய்வாளர் குறுக்கே போய்ப் பேனலில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். ஒல்லி மனிதர். தம்பி நினைத்திருந்தால் ஒரு தள்ளில் விழுந்திருப்பார்.

"என்னைத் தள்ளிட்டுப் போடுங்க தம்பி. ஆனா முதல்ல அங்க பாருங்க."

அவர் காட்டிய இடத்தில், தொட்டிக்குள் இறங்கும் இரண்டாவது பம்பின் கேபிள் இரும்புத் தளத்தின் விளிம்பில் உரசி, மேல்தோல் கிழிந்து, செம்பு தெரிந்தது. அந்தத் தளத்துக்குப் பூட்டவேண்டிய எர்த் கம்பியைப் பூட்டாமல் சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தார் ஒப்பந்தக்காரர். பல தடவை அங்கே வந்துபோன பொறியாளரின் கண்ணிலும் அது பட்டதில்லை.

ஆபரேட்டர் தன் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டார். மெதுவாகச் சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதே முத்திரையை வெட்டிச் சுவிட்சைப் போட்டிருந்தால் பொறியாளர் அந்த மனிதரைக் கொன்றிருப்பாள்.

"சார், இரண்டாவதைக் கழட்டிட்டு மத்த ரெண்டையும் ஓட்டலாமா?"

"எர்த்தைக் கட்டணும். மூணாவதையும் பாக்கணும். ஸ்பேனர் இருக்கா?"

இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு எர்த் கம்பியைப் பூட்டினாள். தம்பி கேட்காமலே டார்ச்சைப் பிடித்தான். வெளியே கூட்டம் கேட்டை உலுக்கியது; கைக்குழந்தையோடு ஒரு பெண், "இன்னும் என்னடா பண்றீங்க உள்ள?" என்று அழுதபடி கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது கேபிளைப் பேனலிலிருந்து கழற்றினார் ஆய்வாளர். மூன்றாவதைச் சோதித்தார். முள் எழுந்தது. இரும்புத் தளத்தையும் ஒரு முறை சோதித்தார். பிறகு தன் கையாலேயே முத்திரையை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போடுங்க மேடம்."

முதல் பம்பு செருமிக்கொண்டு எழுந்தது. மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. இரண்டு பம்புகள் மட்டும் ஓடியதால் தண்ணீர் சட்டென்று வடியவில்லை. ஏறுவது முதலில் நின்றது. நெடுநேரம் கழித்து, கேட்டின் கம்பியில் ஒரு ஈரக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தம்பி வீட்டுக்கு ஓடினான். தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தொட்டு நின்றிருந்தது. அப்பா விழித்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அன்று அந்தப் பகுதியில் உயிர்ச்சேதம் இல்லை.

அடுத்த வாரம் நகராட்சி ஆணையர் அவளையும் ஆய்வாளரையும் கூப்பிட்டார். அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது ஆய்வாளர், "எனக்குக் கமான்னு பேர் வச்சது உங்க செக்‌ஷன்தானே?" என்றார். அவள் நெளிந்தாள். "பரவாயில்ல. முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே."

ஆணையர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "நல்லபடியா முடிஞ்சுது, சரி. நாளைக்கு ஆளாளுக்கு இப்படி முத்திரையை வெட்டினா என்ன ஆகும்? விதி எதுக்கு இருக்கு?"

"உயிரைக் காப்பாத்தத்தான் சார். அன்னைக்குக் காப்பாத்திச்சு" என்றாள் அவள். "நான் விதி வேண்டாம்னு சொல்லல. இவர் சோதிக்கலைன்னா இன்னைக்கு ஆபரேட்டர் இல்ல. ஆனா சோதனைக்கு ஆனது கொஞ்ச நேரம். அதுக்காகக் காத்திருந்தது ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்துல யாரும் அந்தக் கேபிளைப் போய்ப் பாக்கலை. ஒருத்தர் காகிதத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம். மூணு பிரிவும் ஒரே நாள்ல ஒண்ணா இடத்துக்குப் போனா போதும் சார். விதியில ஒரு வரியையும் நீக்க வேண்டாம்."

"முத்திரையை வெட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை. நான்தான் வெட்டினேன்" என்றார் ஆய்வாளர். "சான்று இல்லாம வெட்டினது தப்புதான். எழுதிக்கோங்க. சான்றுக்காக ஒரு வருஷம் நாற்காலியிலேயே உக்காந்திருந்தேனே, அதையும் எந்தக் கணக்குலயாவது எழுதுங்க சார். அதுக்கு மெமோவே கிடையாது."

இருவருக்கும் மெமோ வந்தது. ஆய்வாளரின் பதவி உயர்வு தள்ளிப்போனது. ஒப்பந்தக்காரர் மேல் விசாரணை தொடங்கி, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் மூன்று பிரிவும் சேர்ந்து இடத்துக்குப் போகவேண்டும் என்ற உத்தரவும் வந்தது. நகரத்தில் முத்திரையோடு தூங்கிக்கொண்டிருந்த இன்னும் சில நிலையங்கள் அடுத்த மழைக்கு முன்பே ஓடத் தொடங்கின. ஒன்றில் மட்டும் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று வாசலிலேயே சண்டை வந்து, ஒரே நேரத்தில் மூன்று பிரதிகளில் மூவரும் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

ஒரு காலையில் தம்பி நகராட்சி அலுவலகத்துக்கு வந்தான். அவன் அந்தப் படி ஏறி அவள் பார்த்ததே இல்லை. பின்னால் அவன் தெருக்காரர்கள் நாலைந்து பேர்.

"இரண்டாவது பம்பு எப்போ ஓடும்?"

"புதுக் கேபிளுக்கு டெண்டர் விட்டிருக்கோம்."

"எப்போன்னு கேட்டேன்."

"என்கிட்ட ஏன்டா கத்துறே? ராத்திரி வீட்டுக்குத்தானே வரப்போறேன்."

"வீட்டுல கேட்டா நீ அக்கா. இங்க கேட்டாத்தான் பொறியாளர்." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தேதி சொல்லு. சொல்றவரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."

அவள் கோபமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கேபிள் வரும் தேதியைக் கேட்கக் கிடங்குப் பிரிவுக்குப் போன் போட்டாள்.