ஷிப்டு பார்த்து டயாலிசிஸ்

ஓசூரில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பது மாதிரி. மெஷின் கொஞ்சம், காத்திருப்பவர்கள் அதிகம். அதில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்தத் தலைவலி முழுக்க டயாலிசிஸ் பிரிவைக் கவனிக்கும் சத்யப்ரியாவுடையது. யாரைப் பெங்களூரு டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ஆகாது என்று சொல்லியும் யார் திருட்டுத்தனமாக இளநீர் குடித்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

மாடசாமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சிப்காட் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். சம்பளம் நின்றால் டயாலிசிஸும் நின்றுவிடும். அதனால் சத்யப்ரியா அவருடைய ஷிப்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் நேரம் பார்த்துக் கொடுத்தாள். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. அவசரத்துக்கு நேரம் மாறினால் செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, மாடசாமி அண்ணன் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்பாள். அவர் வெளியே வந்து திருப்பிக் கூப்பிட்டு நேரத்தைக் கேட்டுக்கொள்வார். அந்த வீட்டில் அப்படி என்னதான் சமைக்கிறார்கள் என்று செக்யூரிட்டி ஒருநாள் கேட்டே விட்டார்.

அவளைத் தவிர இந்த ரகசியம் தெரிந்தவர் ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் ஸ்ரீராம் மட்டும்தான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர்.

ஒருநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, நாளை மத்தியானம் மெஷினுக்கு சர்வீஸ், மாடசாமியைக் காலையிலேயே வரச் சொல் என்றார். அவளும் சிலிண்டர் போனைப் போட்டாள். மாடசாமி யாரிடமோ கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து படுத்தார்.

குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் உள்ளே வந்தார். அவர் பின்னால் மாடசாமியின் கம்பெனி எச்.ஆர். மேனேஜர். தொழிலாளிகளின் மெடிக்கல் செக்கப்பை எல்லாம் இந்த ஆஸ்பத்திரிக்கே கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாடசாமி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். கையில் இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு எழுந்து ஓடவா முடியும்?

டாக்டர் சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கினார்.

"உங்க ஆளையே நாங்கதான் பாத்துட்டிருக்கோம், சார்."

மேனேஜர் போனதும் சத்யப்ரியா டாக்டர் அறைக்குள் போய் நேராகவே கேட்டாள். சர்வீஸ் என்று சொன்னது பொய்தான், மேனேஜர் வரும்போது மாடசாமி மெஷினில் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன் என்று அவர் கூசாமல் ஒத்துக்கொண்டார். ஒரு ஆளைப் பார்த்தால் ஆஸ்பத்திரி நடத்த முடியுமா என்றும் கேட்டார். ரகசியத்தைக் காப்பாற்றுகிறார் என்று இந்த மனிதரைப் போய் கையெடுத்துக் கும்பிட்டோமே என்று நினைத்தாள். பொய்யைச் சொன்னதோடு நிற்காமல், அதை அவள் வாயாலேயே மாடசாமியிடம் சொல்ல வைத்துவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை.

அடுத்த முறை மாடசாமி வந்தபோது காண்ட்ராக்டர் அவருடைய கேட் பாஸைப் பிடுங்கி வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். எனக்கு எதுவும் தெரியாது அண்ணா, டாக்டர் என்னையும் ஏமாற்றிவிட்டார் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். நம்பினாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஆனா போன் போட்டு வரச் சொன்னது நீங்கதான மேடம்," என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்த வாரம் எந்த நேரம் தோதுப்படும் என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டாள்.

"இனி எனக்காண்டி ஷிப்டெல்லாம் பாக்காதீய. எப்பக் கூப்பிட்டாலும் வருவேன். இன்னும் எத்தன தடவ வர முடியும்னுதான் தெரியல."