துவக்குகளின் மேல் உட்கார்ந்த முயல்கள்

1988ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், டென்மார்க்கில், ரண்டர்ஸிலிருந்து விபோர்க் போகும் பஸ் நின்று போகிற ஒரு சிற்றூரில், வேட்டைத் துவக்கு புதைக்கப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் முயல்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தன. முகத்தை உள்பக்கம் திருப்பி, காதுகளை முதுகோடு மடித்து, மண்ணைப் பார்த்தபடி இருந்தன. பக்கத்துப் பாத்தியில் நின்ற கோவா இலைகளை அவை கடிக்கவில்லை. நாய் குரைத்தாலும் எழும்பவில்லை. அந்த வருடம் மழை குறைவு, உருளைக்கிழங்கின் விலை இறங்கியது, முயல்கள் உட்கார்ந்தன; ஊரார் இவற்றை இந்த ஒழுங்கிலேயே நினைவு வைத்திருக்கிறார்கள்.

புதைக்கச் சொன்னவர் பேதுரு. மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். ரண்டர்ஸில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, அந்த ஊரில் ஏய்னர் என்ற கிழவரின் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தார். மனைவி மேரிசெலினையும் மகள் பிரியந்தியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடமாகியும் பதில் இல்லை. தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை ஓர் அமைச்சர் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்திருந்த, டென்மார்க் பத்திரிகைகள் பின்னாளில் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்த காலம் அது. அப்போது அதற்குப் பெயர் இல்லை. எங்கே போய்க் கேட்டாலும் பொறுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பேதுரு பொறுத்தார். அறையில் சின்னக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டு, மகளுக்கென்று அதன்மேல் போர்வையும் விரித்து வைத்திருந்தார்.

ஏய்னரிடம் இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. செத்துப்போன மனைவி கல்யாணத்தன்று கொடுத்தது. அந்த வைகாசியில், வீடுகளில் இருக்கும் துவக்குகளை எல்லாம் அரசாங்கம் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று யாரோ ஒருவர் வானொலியில் பேசினார். வேட்டைக்காரர் சங்கத்தில் அது ஒரே கதையாயிற்று. ஏய்னர் சாப்பாட்டை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேதுருவின் நண்பர், நல்ல டேனிஷ் தெரிந்த மகேந்திரராசா ரண்டர்ஸிலிருந்து வந்திருந்தபோது, மூவரும் குசினியில் கோப்பி குடித்தபடி அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

“அண்ணை, கிழவருக்குச் சொல்லுங்கோ,” என்றார் பேதுரு. “முதல்ல பேர் எழுதச் சொல்லுவினம். பிறகு பாதுகாப்புக்கு எண்டு வாங்கிக்கொண்டு போவினம். அதுக்குப் பிறகு துவக்கும் இல்லை, ஆளும் இல்லை.”

“இது டென்மார்க்கடாப்பா. இஞ்சை பொலிஸ் வந்தாலும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வருவான்.”

“கழட்டிப்போட்டு வந்தாலும் எடுத்துக்கொண்டுதானே போவான்.”

மகேந்திரராசா சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்தார். ஏய்னர் சிரிக்கவில்லை. புதைப்பது எப்படி என்று கேட்டார்.

பேதுருவுக்கு அது நன்றாகத் தெரியும். அவருடைய தகப்பன் மன்னாரில் வயலுக்கு வரும் பன்றிகளைச் சுட லைசென்ஸ் துவக்கு வைத்திருந்தார். பொலிஸ் கேட்டபோது ஒழுங்காகக் கொண்டுபோய் ஒப்படைத்தார். பிறகு இயக்கத்துப் பொடியள் வந்து அதே துவக்கைக் கேட்டார்கள். ஒப்படைத்துவிட்டேன் என்றதை அவர்கள் நம்பவில்லை. அடித்த அடியில் ஒரு காது கேளாமற் போயிற்று. துவக்கைப் புதைத்த அயலவர்களுக்கு இரண்டு காதும் இருந்தன. ஆகவே பேதுரு கிறீஸ் பூசக் காட்டிக்கொடுத்தார். சைக்கிள் ரியூபை வெட்டிக் குழலின் வாயில் மாட்டினார். உரப்பையில் சுற்றிக் கட்டினார். ஏய்னர் அதைச் சங்கத்தில் சொன்னார். அந்தக் கிழமை ஊரில் பழைய ரியூபுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது.

கால்பந்தில் டென்மார்க் மேற்கு ஜெர்மனியோடு விளையாடிய மாலையில் புதைப்பதென்று ஏய்னர் தீர்மானித்தார். எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. எல்லாருக்கும் அதே கணக்கு வந்திருந்தது. நல்ல வெயில் வெளிச்சத்தில், தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் மண்வெட்டியோடு நின்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கிண்டினார்கள். டென்மார்க் தோற்றதை அந்த ஊர் மறுநாள்தான் அறிந்தது. முயல்கள் வந்ததும் மறுநாள்தான்.

வானொலியில் பேசியது பேச்சோடு போயிற்று. ஒரு சட்டமும் வரவில்லை, ஒருவரும் கேட்டு வரவில்லை. இலையுதிர்காலம் வந்து வேட்டை தொடங்கியபோது வேட்டைக்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். துவக்கு முயலுக்குக் கீழே இருந்தது; முதல் ஆளாகக் கிண்டி எடுக்க ஒருவரும் துணியவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள்கூட வட்டங்களைப் பார்த்து, எந்தத் தோட்டத்தில் எத்தனை என்று சொல்லக்கூடியதாக இருந்தது. அப்போதுதான் பேதுருவுக்கு அந்தப் பயம் பிடித்தது. விண்ணப்பம் ஏன் அசையவில்லை என்பது விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார்.

“அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு அண்ணை. துவக்குப் புதைக்கப் பழக்கினவன்ர பெண்சாதிக்கு ஆர் விசா குடுப்பான்?”

“விசர்க்கதை கதையாதை. என்ர தம்பியின்ர பெண்சாதிக்கும்தான் வரேல்லை. அவன் என்னத்தைப் புதைச்சவன்?”

பேதுரு கேட்கவில்லை. நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, மகேந்திரராசாவையும் இழுத்துக்கொண்டு, ஊர்ப் பொலிஸ்காரர் வீட்டுக்குப் போய், எல்லாம் தன் பிழை என்றார். பொலிஸ்காரர் இருவரையும் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் முயல்கள் வட்டமாக இருந்தன.

“தன்ரையையும் புதைச்சவராம்,” என்று மகேந்திரராசா மொழிபெயர்த்தார். “உன்ர மனிசியின்ர பேப்பர் இவரிட்ட இல்லையாம். அது கோப்பன்ஹேகனில கிடக்காம்.”

அப்படியும் பேதுரு வீடு வீடாகப் போய்க் கிண்டி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். சொல்லத் தெரிந்த டேனிஷ் கொஞ்சம்தான். மனைவி, மகள், தயவுசெய்து என்ற மூன்று சொற்களையும் சொல்லி மண்ணைக் காட்டினார். ஒருவரும் மறுக்கவில்லை. துவக்குகள் துருப்பிடிக்காமல் வெளியே வந்தன. அந்த வேலையில் மட்டும் அவர் பிழை விடவில்லை. துவக்கு மண்ணைவிட்டு வந்ததும், அங்கிருந்த முயல்கள் எழும்பி உடம்பை உதறிவிட்டு ஓடின. சிலவற்றை அந்த மாதமே சுட்டுச் சமைத்தார்கள். ஏய்னர் தன் துவக்கைத் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தினார். ஊரில் இனி ஒளிக்க ஒன்றுமில்லை. பேதுரு தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால் வரவில்லை.

கார்த்திகையில், முதல் பனி விழுந்த காலையில், ஒன்றும் புதைக்காத ஓர் இடத்தில் முயல்கள் வந்து உட்கார்ந்தன. அது பேதுருவின் ஜன்னலுக்கு நேர் கீழே. ஏய்னர் மண்வெட்டி கொண்டுவந்து உறைந்த மண்ணை இடுப்பளவு கிண்டினார். கல்லும் வேருமே வந்தன. முயல்கள் அவர் முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, குழி மூடியதும் திரும்ப உட்கார்ந்தன.

மகேந்திரராசா அடுத்த கிழமை பஸ்ஸில் வந்தார். கொழும்பிலிருந்து தொலைபேசி அவர் வீட்டுக்குத்தான் வரும். வாசலில் நின்று முயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த நாள் வந்ததுகள்?” என்று கேட்டார்.

“போன செவ்வாய்.”

“செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் செய்தவையாம், பேதுரு.”

மேரிசெலினுக்குக் காய்ச்சல். ஊரடங்கு போட்டிருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது. பிள்ளை மேரிசெலினின் தங்கை அமலராணியிடம் இருந்தாள். பேதுரு மாடிக்குப் போகவில்லை. சப்பாத்தும் போடாமல் வெளியே வந்து பனியில் நின்றார். அவர் கிட்டே வந்ததும் இரண்டு முயல்கள் விலகின. ஓர் ஆள் உட்காரக்கூடிய இடைவெளி தெரிந்தது. அவர் உட்கார்ந்தார். ஏய்னர் கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து முதுகில் போட்டுவிட்டுக் கோப்பி போடப் போனார்.

அந்த மாரியில் தலைநகரில், விண்ணப்பங்கள் கிடந்த அலுவலகத்தின் முற்றத்திலும் முயல்கள் இருந்தன என்று சொல்கிறார்கள். சைக்கிள்கள் நிறுத்தும் இடம் தொடங்கி வாசற்படி வரை, வட்டத்துக்குள் வட்டமாக. வேலைக்குப் போனவர்கள் அவற்றைச் சுற்றி நடந்து உள்ளே போனார்களாம். பார்த்தவர் யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைச் சொல்கிறார். ஆகையால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் விண்ணப்பங்கள் அசைந்தது மட்டும் உறுதி. கோப்புகள் எடுக்கப்பட எடுக்கப்பட முயல்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயினவாம்.

பேதுருவுக்கும் அனுமதி வந்தது. அதில் மனைவி, மகள் என்று இரண்டு பெயர்களும் பிழையில்லாமல் இருந்தன.

பிரியந்தி வசந்தத்தில் வந்தாள். ஐந்து வயது, இரவல் கோட்டு. வாசலில் பெட்டியை வைத்ததும் முயல்களைக் கண்டாள்.

“அப்பா, இதுகள் ஆரின்ர?”

“எங்கடைதான் பிள்ளை.”

“பேர் வைக்கேல்லையோ?”

அவள் தானே வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அது அவளுடைய அம்மாவின் பெயர். பேதுரு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போனார்.

ஏய்னர் சாகும்போது வீட்டைக் குறைந்த விலைக்கு அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். துவக்கைச் சங்கம் எடுத்துக்கொண்டது. பிரியந்தி வளர்ந்து, தகப்பன் தமிழில் கேட்க டேனிஷில் பதில் சொல்லி, இப்போது விபோர்க்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேட்டை நாட்களில் அந்த முற்றத்துப் பக்கம் ஒருவரும் குழலைத் திருப்புவதில்லை. பனி தள்ளுகிற வண்டி அந்த இடத்தை விட்டுச் சுற்றிப் போகும். தபால்காரருக்கு மட்டும் புழுக்கையை மிதிப்பதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. மாலையில் பேதுரு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே முற்றத்துக்குப் போவார். முயல்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விடும்.