கழிவு இல்லாத லேசர்

லேசரைப் பற்றி மேஸ்திரியிடம் யாரும் கதை விட முடியாது. இருபத்திரண்டு வருடமாக இரும்புத் தகட்டை லேசரால் வெட்டிச் சோறு தின்கிறவர். அப்படிப்பட்டவருக்குப் புராஸ்டேட் வீங்கி, ஒன்றுக்குப் போவதே சொட்டுச் சொட்டாக ஆகிவிட்டது. அதையும் லேசரால்தான் சரிசெய்வோம் என்று டாக்டரம்மா சொன்னதும் மனிதருக்குப் பாதி நோய் அங்கேயே போய்விட்டது. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை வாட் டாக்டரம்மா? விட்டு விட்டு அடிக்குமா, தொடர்ந்து அடிக்குமா?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே படம் வரைந்து காட்டினார். பச்சை லேசர் வீங்கிய சதையை ஆவியாக்கிவிடும். ரத்தம் அதிகம் போகாது, மிச்சமும் இருக்காது. ஹோல்மியம் லேசர், ஆரஞ்சுத் தோலுக்குள்ளிருந்து சுளையை எடுக்கிற மாதிரி சதையைப் பெயர்த்து எடுக்கும். எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். தூலியம் என்று இன்னொன்று உண்டு, அதுவும் அப்படி எடுக்கும், ஆனால் அந்த மெஷின் இங்கே இல்லை.

"உங்களுது ரொம்பப் பெருசு. என்னைக் கேட்டா ஹோல்மியம்தான் சொல்வேன். ரத்தப் பரிசோதனை நல்லாத்தான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பட்டறைக்கு மெஷின் வாங்கும்போது செய்கிற மாதிரியே ஒரு தாளில் கட்டம் போட்டு மார்க் போட்டார். பச்சை ஜெயித்தது. பெருமை தாங்காமல் மனைவியிடம் நீட்டினார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய டீச்சரிடம் நீட்டுகிறோமே என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"கழிவு இல்லைன்னு இதுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்களே, ஏன்?"

"கழிவு விழுந்தா நஷ்டம்தானே?"

"அது தகட்டுக்குங்க. இங்க விழுறதைத்தானே பரிசோதனைக்கு அனுப்புவாங்க?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. மேஸ்திரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உங்க அண்ணன் நினைப்பா?" என்றாள் மெதுவாக.

அண்ணனுக்கும் இதே இடத்தில்தான் புற்று. கண்டுபிடித்தபோது எலும்பு வரைக்கும் போயிருந்தது. வாட், கீட் என்று என்னென்னமோ பேசி மூடி வைத்திருந்தாலும், நேற்றிலிருந்து அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். தெரியாம இருந்தா நிம்மதியாவது இருக்கும்ல?"

"உங்களுக்கு இருக்கும்." அவள் எதிரே உட்கார்ந்தாள். "உங்க அண்ணன் ஒரு வருஷம் வலியை மறைச்சாரு. உங்க அண்ணிக்குத் தெரிஞ்சப்போ மிச்சம் இருந்தது பதினோரு நாள். எனக்கும் அவ்வளவு போதுமாங்க?"

மேஸ்திரி பச்சைக்குப் போட்ட பத்தை அடித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எந்த லேசர் என்று நர்சம்மா கேட்டார்.

"எடுத்ததைப் பரிசோதிக்க அனுப்புவாங்களே, அது," என்றார். "முடிவு வந்ததும் முதல்ல என் வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடுங்க. அவங்க நம்பரை எழுதிக்கோங்க."