தென்காற்று வருவதற்குள்

"அப்ப இன்னிக்குக் கயிறு ஓடாதா?"

"கயிறு ஓடும் தம்பி. புடிச்சுட்டுப் போற ஆளுதான் பட்டமாப் பறக்கும்."

மர்ரே சொன்னதைக் கேட்டு பனிச்சறுக்கு மன்றத்துச் சமையலறையே சிரித்தது. கேட்ட ராவிரி மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவனுக்குக் கல்யாணம். மலை முகட்டுக் குடிசையின் வாசலில், அவனும் மணப்பெண் பிப்பும் முதன்முதலாகச் சண்டை போட்டுக்கொண்ட அதே இடத்தில். விருந்தினரில் பாதிப் பேர் பனியில் நடந்து ஏறும் வயதைத் தாண்டியவர்கள். மர்ரே இயந்திரத்தில் ஓட்டும் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போவதுதான் ஒரே வழி.

ராவிரியின் அக்கா நைரி தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சறுக்கு மன்றத்துக்கு வாராவாரம் பனியையும் காற்றையும் கணித்து எழுதுகிறவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பலகையில் எழுதியது இன்னும் அழியவில்லை: 'வெள்ளி இரவு தென்காற்று, புதுப் பனி. சனி தெளிவு, காற்று இல்லை.'

சனியும் விடிந்துவிட்டது. தென்துருவக் குளிரைக் கொண்டுவரும் தென்காற்றைத்தான் காணோம். வெதுவெதுப்பான வடமேற்குக் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. குளிர்காலக் கடைசியின் செப்டம்பர் பனி வெண்ணெயாக இளகியது.

"கணிப்பு தப்பினா ஒரு வாரம் பாத்திரம் கழுவணும், நைரி. நம்ம வழக்கம்," என்றார் மர்ரே. "அதுவும் கல்யாணப் பாத்திரம்."

"கழுவறேன். போதுமா?"

"அக்கா, கீழ ரோமம் கத்தரிக்கற கொட்டகையிலயே வச்சுக்கலாம். ஆட்டு நாத்தம் அடிக்கும், பரவாயில்ல," என்றான் ராவிரி. அவன் முகத்தில் பரவாயில்லை என்பதற்கான அடையாளமே இல்லை.

மணப்பெண் உடையின் மேல் இடுப்பு வாரும், கயிற்றைக் கவ்வும் இரும்பு இடுக்கியும் மாட்டிக்கொண்டு பிப் வந்து நின்றாள். "நான் ரெடி. ஆட்டைக் கட்டிக்கவா இதெல்லாம் மாட்டிருக்கேன்?"

நைரி கைபேசியை எடுத்து, தெற்கே திமாரு ஊரில் முழங்கால் வலியோடு வீட்டில் இருந்த பெரியம்மாவை அழைத்தாள்.

"பெரியம்மா, கொடியில துணி எந்தப் பக்கம் ஆடுது?"

"இப்பதான்டி மொத்தமாத் திரும்புச்சு! உங்க பெரியப்பா பனியன் அடுத்த வீட்டுக்குக் குடிபோயிடுச்சு!"

நைரி துள்ளி எழுந்தாள். "தெக்கு கிளம்பிடுச்சு! அது இங்க வர்றதுக்கு முன்னாடி வடமேற்கு மூச்சை நிறுத்திடும். நடுவுல கொஞ்ச நேரம் எதுவுமே அடிக்காது. அதுக்குள்ள எல்லாரும் மேல போயிடணும்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியாது, மர்ரே."

"இதுவரைக்கும் நீ சொன்னதுலயே நம்புற மாதிரி இருக்கறது இதுதான்." மர்ரே இயந்திரத்தைக் கிளப்பப் போனார்.

எல்லோரும் இடுக்கி மாட்டி வரிசையில் காத்திருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு கூரைத் தகரம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"இப்ப!" என்று கத்தினாள் நைரி.

கழுத்துப்பட்டை கட்டிய மாமாக்கள் ஏறினார்கள். கேக் ஒரு முதுகுப்பையில் ஏறியது. பாவாடையை வாருக்குள் செருகிக்கொண்டு பிப் கூவிக்கொண்டே ஏறினாள். கடைசியாக ஏறிய நைரி முகட்டில் நின்று திரும்பிப் பார்த்தாள். கருநீலச் சுவர் ஒன்று பள்ளத்தாக்கை விழுங்கிக்கொண்டு வந்தது. சீக்கிரம் என்று அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். கல்யாணம் நடத்திவைக்க வந்த அம்மாள் தன் உரையை அப்படியே மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு நேராகச் சம்மதமா என்ற கேள்விக்கு வந்தார்.

"சம்மதம்!" என்றாள் பிப்.

ராவிரி வாயைத் திறந்த நொடியில் தென்காற்று முகட்டில் மோதியது. தொப்பிகள் பறந்தன, முக்காடு பறந்தது, அவன் வாய் நிறையப் பனி. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. பிப் அவன் சட்டைக் காலரைப் பற்றி இழுத்து, காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"காத்து கொண்டு போயிடுச்சுடா! இன்னொரு தரம் சொல்லேன்!"