பியூலாவுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

அன்றைக்கு என் வீட்டுச் சுவர் மொட்டையாக நின்றதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆபீசில் சனிக்கிழமை அரை நாள்தான். ஆனால் அட்மிஷன் நேரத்தில் அதெல்லாம் பேச்சுக்குத்தான். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து முடிச்சூர் வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். என் கணவர் ஜெபகுமாரின் அக்கா ஞானஜோதி வீட்டை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று காலையிலேயே வண்டலூரிலிருந்து வந்திருந்தாள். நன்றாகத்தான் ஒழுங்குபடுத்தியிருந்தாள். என் சுவரில் நான் மாட்டிய ஒன்றும் மிச்சமில்லை. நடுவில் சர்ச் காலண்டர் மட்டும் தொங்கியது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலிலிருந்து சமையலறைக்குத் திரும்பும் சுவர் அது. வரிசையாக ஆணி அடித்து, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைகளாக மாட்டியிருந்தேன். கேஸ் புக், கரண்ட் அட்டை, சாவி, ஆபீஸ் ஐ.டி. கார்டு, மகள் ஜான்சியின் பள்ளி டைரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. சமையலறைக் குழாய்க்கு மேலே ஒரு கயிறு. அதில் துணிக் கிளிப் போட்டு ஜான்சியின் வலிப்பு மாத்திரை அட்டை. கொடுக்கும்வரை கயிற்றின் இடது கோடியில் இருக்கும், கொடுத்ததும் வலது கோடிக்குப் போகும். தண்ணீர் பிடிக்க எத்தனை தடவை போனாலும் அது கண்ணில் பட்டே தீரும்.

பார்க்க அசிங்கமாக இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் கண்ணில் படாத பொருள் எனக்கு இல்லாத பொருள். அலமாரிக் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் என் தலையிலிருந்து போய்விடும். போனில் அலாரம் வைத்தால் மனசு கேட்பதற்குள் கை அதை அணைத்துவிடும். சின்ன வயதிலிருந்து இதற்காக நான் வாங்காத பேச்சு இல்லை. ஜான்சியைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில்தான் ஒரு டாக்டரம்மா என்னையும் உட்கார வைத்து, விலாவாரியாக விசாரித்து, இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், பெரியவர்களுக்கும் உண்டு, பெண்கள் என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை என்று சொன்னார். ஞாபகத்தை நம்பாதே, கண்ணை நம்பு என்றவரும் அவர்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஜெபகுமார் சிரித்தார். அவருடைய அக்காவுக்குப் போன் போட்டும் சிரித்தார்.

சிரிக்கட்டும் என்று சுவரில் ஆணி அடித்தேன். ஜான்சி அப்போது எல்.கே.ஜி. அதற்கு முன்னால் ஒரு வேளை மாத்திரை தவறிய நாளில் பள்ளி வேனிலேயே வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம். கயிறு கட்டிய பிறகு ஒரு வேளையும் தவறவில்லை, வலிப்பும் வரவில்லை. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

எல்லாம் எங்கே என்று கேட்டேன். பீரோவில் பத்திரமாக இருக்கிறது, பாஸ்டர் வரும் வீடு குப்பைக் கடை மாதிரி இருக்கலாமா என்றாள் ஞானஜோதி. ஜெபகுமார் பாயை விரித்துக்கொண்டே, இப்பதான் வீடு வீடா இருக்கு என்றார். மாத்திரையையாவது எடுத்துவிடலாம் என்று உள்ளே திரும்பினேன். அதற்குள் காலிங் பெல் அடித்தது. பாஸ்டர் சத்தியநாதனே முதல் ஆளாக வந்துவிட்டார். பின்னாலேயே சபையார். நாற்காலி, தண்ணீர், டீ, சமோசா. பெல் அடித்தால் என் மூளை பெல்லுக்குப் பின்னால் போய்விடும். மாத்திரை நினைவு அத்தோடு அறுந்தது.

பாட்டு முடிந்தது, பாஸ்டர் பேசி முடித்தார். ஜெபக்குறிப்பு இருந்தால் சொல்லலாம் என்றார். ஒருவர் மகன் வேலைக்காகச் சொன்னார், ஒரு அம்மா மூட்டுவலிக்காகச் சொன்னார். அடுத்து ஞானஜோதி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க பியூலாவுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க பாஸ்டர். வேலைக்குப் போறா, ஆனா வீட்டுக் காரியத்துல கவனமே இல்ல. அந்த மறதியின் ஆவி அவளை விட்டுப் போகணும்."

என் வீட்டில், என் பாயில், நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுச் சொன்னாள். ஜெபகுமார் தலையை ஆட்டினார். எல்லாரும் கண்ணை மூடி, கைகளை உயர்த்தி, என்னிடமிருந்து ஆவியைத் துரத்த ஆரம்பித்தார்கள். எனக்குக் கண்ணை மூட வரவில்லை. அழுகையை அடக்க எங்கேயாவது பார்க்க வேண்டுமென்று சமையலறைப் பக்கம் பார்த்தேன். குழாய்க்கு மேலே வெறும் சுவர்.

அப்போதுதான் உறைத்தது. மாத்திரை நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. ஜான்சி என் மடியில் தலை வைத்து அரைத் தூக்கத்தில் கிடந்தாள்.

அவளை மெதுவாகப் பாயில் கிடத்திவிட்டுப் பீரோவுக்குப் போனேன். பூட்டியிருந்தது. திரும்பி வந்து ஞானஜோதியின் காதில் சாவி கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, ஆமென் சொன்னதும் தருகிறேன், இப்போது உட்கார் என்றாள். மறுபடியும் கேட்டேன். கையால் அமர்த்தினாள். அவளுடைய கைப்பை பக்கத்தில்தான் இருந்தது. ஜிப்பை இழுத்து உள்ளே கைவிட்டுச் சாவியை எடுத்தேன். அவள் கண் திறந்துகொண்டது.

பீரோவுக்குள் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் என் சுவர் மொத்தமும் திணிக்கப்பட்டிருந்தது. சாவி, அட்டை, டைரி, வீட்டிலிருந்த அத்தனை மாத்திரைகளும் ஒன்றாக. நின்று துழாவப் பொறுமையில்லை. ஹாலுக்குக் கொண்டுவந்து பாயின் நடுவில் தலைகீழாகக் கொட்டினேன். பாஸ்டரின் குரல் நடு வாக்கியத்தில் நின்றது.

ஜெபகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "ஜெபம் நடக்குது பியூலா. ஆமென் சொல்ற வரைக்கும் இருக்க முடியாதா உன்னால?"

"வலிப்பு காத்துட்டு இருக்குமாங்க ஆமென் சொல்ற வரைக்கும்?"

மூட்டுவலி அம்மா ஜான்சியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். என் குரல் நடுங்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம்தான்.

"இப்ப வீடு வீடா இருக்குன்னு சொன்னீங்கல்ல. எல்லாம் எடுத்து வச்சது உங்க அக்கா. ஜான்சி மாத்திரையை நீங்களே எடுத்துக் குடுங்க."

எல்லாரும் பார்க்கிறார்களே என்று குனிந்தார். ஒரு அட்டையை எடுத்தார், புரட்டிப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அக்காவைப் பார்த்தார். அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பச்சை அட்டையை நீட்டி, சின்னக் குரலில், "இதுவா?" என்றார்.

அது அவர் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற கேஸ் மாத்திரை.

குவியலுக்குள்ளிருந்து சரியான அட்டையை எடுத்து, மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். காலையில் முழுசு, ராத்திரி பாதி. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஜான்சியை எழுப்பி உட்கார வைத்து விழுங்க வைத்தேன். ஏம்மா எல்லாரும் என்னைப் பாக்குறாங்க என்று கேட்டுவிட்டு மறுபடி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், விரல்களில் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர். விட்ட இடத்திலிருந்து முடித்துவிடலாம், சகோதரிக்காக எப்படி ஜெபிக்கட்டும் என்று என்னையே கேட்டார்.

"எனக்கு வேணாம் பாஸ்டர். என் மறதி எனக்குத் தெரியும், அதுக்கு வழியும் தெரியும். இவருக்காகப் பண்ணுங்க. பெத்த பொண்ணு எந்த மாத்திரை சாப்பிடுறான்னு இத்தனை வருஷமா இவருக்குத் தெரியல. இது மறதி கூட இல்ல."

பாஸ்டர் ஜெபிக்கலாம் என்றார். யாரும் கண்ணை மூடவில்லை.