சவம் போன வழி

பகவதி வெட்டுகத்தியை ஓங்கி இறக்கினாள். வேலிக்கல்லில் பட்டுப் பொறி பறந்தது, முள்கம்பி அறவில்லை. பின்னால், அவள் கணவன் தாணுலிங்கத்தின் பாடையைச் சுமந்த நால்வரும் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

"ஏட்டி, ரோட்டு வழியா கொண்டு போவோம். பொம்பளை சுடுகாட்டுக்கு முன்னால போவாளா?" என்றார் அவளுடைய பெரியப்பா.

"நான் சுடுகாட்டுக்கு வரல்ல. இந்த வேலி வரைக்கும்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு முன்னால் முத்துக்கனி நின்றாள். தாணுலிங்கத்தின் தம்பி சுயம்புராஜின் மனைவி. சுயம்புராஜ் மூன்று நாளாகப் போலீஸ் காவலில் இருந்தான்.

அந்தத் தோட்டத்தின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை குளக்கரைக்கும், அங்கிருந்து சிதறால் மலையின் பின்பக்கத்துக்கும் போகிறது. அதில் நடக்கத்தான் வெளியூர் ஆட்கள் வந்து, தாணுலிங்கம் கொல்லையில் கட்டிய இரண்டு அறைகளில் தங்கினார்கள். நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. அது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

"நடக்கதுக்கு ஆளு வருமா அண்ணா? நம்ம பசு தெனமும் நடக்குது, எவனாவது பாக்க வந்தானா?" என்று தம்பி சிரித்த காலம் உண்டு.

பாகம் பிரித்தபோது தோட்டம் தம்பிக்குப் போனது; அண்ணன் தம்பிக்குள் வழியையும் எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டார்கள். தோட்டத்தை வாங்க ஆள் வந்ததும் சுயம்புராஜ் வேலி போட்டான். அறைகள் பூட்டிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை தாணுலிங்கம் கம்பியில் கை வைத்தார். தம்பி, கல் நட்ட கம்பிப்பாரையால் தலையில் அடித்தான். விழுந்த பிறகு இன்னும் இரண்டு அடி. ஓடிவந்துகொண்டிருந்த பகவதிக்கு மூன்றும் கேட்டன.

"அக்கா," என்றாள் முத்துக்கனி. "சவம் போன வழிய பின்ன அடைக்க ஒக்காது, அது பொது வழியாயிரும்னு தெரிஞ்சுதானே வாற?"

"தெரிஞ்சுதான்."

"வாங்க வந்தவன் ஓடிருவான். அவரும் உள்ள கிடக்காரு. எனக்க பிள்ளையளுக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்க ஆளு தோளுல கிடக்கு. வழி விடு."

முத்துக்கனி இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றினாள். பகவதி ஓங்கினாள். பெரியப்பா "ஏட்டி!" என்று கத்தினார். அறுந்த கம்பி, முத்துக்கனியின் உள்ளங்கைகளைக் கிழித்துக்கொண்டு சுருண்டு பின்னால் போனது. அவள் கைகளை வயிற்றோடு அழுத்திக்கொண்டு ஒதுங்கினாள்.

மற்ற கம்பிகளையும் பகவதி வெட்டினாள்.

நால்வரும் பாடையோடு நுழைந்தார்கள். பெரியப்பா முன்னால் பொரி வீசிக்கொண்டே நடந்தார். தாணுலிங்கம் கூட்டிப்போன நடைகளைப் போலவே யாரும் பேசவில்லை. காய்ந்த ரப்பர் இலைகளில் காலடிச் சத்தம் குளக்கரை வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

முத்துக்கனி வீட்டுக்குத் திரும்பினாள். பாதையில் கால் வைக்காமல், மரங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பகவதி கத்தியைக் கீழே வைத்துக் குந்தினாள். பொரிகளுக்கிடையே கிடந்த கம்பித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். ஒன்றிரண்டு ஈரமாக இருந்தன.