கல்வட்டமும் முத்ரிகா பஸ்ஸும்

வத்சலாவின் மாமனார் மகாதேவனுக்கு வயது எண்பத்தாறு. கையிருப்பில் கதை ஒன்றே ஒன்று. புதுக்கோட்டைப் பக்கம் அவர் ஊர்ப் பொட்டலில் ஒரு கல்வட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிழங்கள் சாகாமல் சுருங்கிச் சுருங்கி விளக்கு மாடத்தில் உட்காரும் அளவுக்கு ஆகிவிடுமாம். பார்த்துப் பார்த்து அலுத்த வீட்டார் பெரிய தாழியில் உட்கார்த்தி, ஒரு வேளைச் சோற்றையும் வைத்துப் புதைத்து, வீட்டுக்கு வழி தெரியாதபடி சுற்றிலும் கல் நடுவார்களாம். "அந்தச் சோறு தீர்ற வரைக்கும்தான் உசிர்" என்று முடிப்பார். பால்காரனுக்குக்கூட இதை இந்தியில் சொல்லியாகிவிட்டது.

வத்சலாவுக்கு அலுப்பென்றால் அப்படியோர் அலுப்பு. கணவன் ராஜாராமன் போபாலுக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம். வாரமெல்லாம் ஆபீஸ், டைப்ரைட்டர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் மாமனாரின் கஷாயம், வேஷ்டி, கதை. ஞாயிற்றுக்கிழமையாவது இரண்டு மணி நேரம் தூங்க அவள் கண்டுபிடித்த வழிதான் முத்ரிகா பஸ். காலை பதினோரு மணிக்கு ஐ.என்.ஏ. ஸ்டாப்பில் ஏற்றிவிட்டால் தலைநகரின் ரிங் ரோடு முழுக்கச் சுற்றி அதே ஸ்டாப்புக்கு வந்துவிடும். கண்டக்டர் தெரிந்தவன். கையில் ஒரு டப்பா தயிர்சாதம் கொடுத்தனுப்புவாள். ஒவ்வொரு வாரமும் டப்பா தொடப்படாமலே திரும்பும், திட்டிக்கொண்டே கழுவுவாள்.

அந்த ஞாயிறு அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள். விழித்தபோது மணி மூன்று. தலையைக்கூட முடிந்துகொள்ளாமல் ஸ்டாப்புக்கு ஓடினாள். நல்லவேளை, சற்று நேரத்தில் பஸ் வந்தது. இது இரண்டாவது சுற்று என்று கண்டக்டர் விரலைக் காட்டினான். கைகொடுத்து இறக்க அவள் நிற்கவில்லை என்று கிழவர் இறங்கவே இல்லையாம்.

"காலம்பரலேர்ந்து பசிக்கலையாப்பா உங்களுக்கு?" அவரை இறக்கி, டப்பாவை வாங்கித் திறந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

"பசிக்கத்தான் பசிச்சுது." "சாப்பிட்டா தீர்ந்துடுமேம்மா. அப்புறம் நீ வரலைன்னா?"

இத்தனை ஞாயிறும் இதை மடியில் வைத்துக்கொண்டா சுற்றினார் என்று நினைக்க நினைக்க, அவ்வளவு ஜனத்துக்கு நடுவிலும் வத்சலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறும் அவரைப் பஸ்ஸுக்கு அழைத்துப் போகத்தான் செய்தாள். மனசு கரைந்தாலும் உடம்பு கேட்க வேண்டுமே. டப்பா மட்டும் கொடுக்கவில்லை.

"சாதம் எங்கேம்மா?"

"ஆத்துக்கு வந்து சேர்ந்து சாப்பிடலாம்ப்பா. அலாரம் வெச்சுண்டுதான் தூங்குவேன்."

கிழவர் பஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ரசம் சூடா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.